முயலும் வயிறும்: மூச்சில் இருக்கிறது வித்தியாசம்

சீனத்தில் முயலைப் பற்றிச் சொன்னால் ஆசிரியருக்கு வேறாகக் கேட்கிறது, சுரம் (குரலின் ஏற்ற இறக்கம்) தப்பா என்று கேட்டிருந்தீர்கள். 'முயல்' என்பதற்கான சீனச் சொல்லின் த ஒலியிலும் 'ஓடியது' என்பதற்கான சொல்லின் ப ஒலியிலும் மூச்சைச் சேர்த்துத் தள்ளுங்கள். அது இல்லாததால்தான் நீங்கள் சீனத்தில் "முயல் ஓடிவிட்டது" என்றால் ஆசிரியருக்கு "வயிறு நிறைந்துவிட்டது" என்று கேட்கிறது. நீங்கள் சந்தேகப்படுகிற சுரம் காரணமில்லை, இரண்டு வாக்கியத்துக்கும் சுரம் ஒன்றேதான்.

தமிழில் எழுதினால் இரண்டுமே 'தூட்ஸ பாவ்ல'. நம் மொழியில் மூச்சு பொருளை மாற்றாது, அதனால் காதும் அதைத் தேடுவதில்லை. வயிற்றுக்கு 'தலை', 'பல்' சொல்கிற அதே த, ப போதும். பின்யினில் (சீனத்தை ஆங்கில எழுத்தில் எழுதும் முறை) அவற்றுக்கு ஆங்கிலத்தின் 'd', 'b' எழுத்துகள் இருப்பதைப் பார்த்து 'டாடி', 'பேபி' மாதிரி அதிரச் சொல்லாதீர்கள்.

ஒரு மெல்லிய காகிதத் துண்டை உதட்டுக்கு முன்னால் இரண்டு விரல் தள்ளிப் பிடித்துச் சொல்லிப் பாருங்கள். வயிற்றுக்குக் காகிதம் அசையக்கூடாது. முயலுக்கு இரண்டு முறை படபடக்க வேண்டும்: 'தூ'வுக்கு ஒன்று, 'பாவ்'வுக்கு ஒன்று. எனக்கு முதல் நாள் 'பாவ்' வந்தது, 'தூ' வர ஒரு வாரம் ஆனது.

ஒன்று மட்டும் கவனம். காற்று வேண்டும் என்று 'ப-ஹாவ்' என இரண்டு அசையாக உடைத்துவிடாதீர்கள். உதடு திறக்கும்போதே மூச்சும் வெளியே வர வேண்டும்.