தீபாவளி முடிந்தால் மெஷின் சும்மா

கேள்வி: இலங்கை மலையகத்துப் பொகவந்தலாவையில் வீட்டிலிருந்தே சாரி பிளவுஸ் தைக்கிறேன். தீபாவளிக்கு மட்டும்தான் கூட்டம். விலையைக் குறைக்கவா?

பதில்: வேண்டாம் தங்கச்சி, குறைத்த விலையைத் திரும்ப ஏற்றப்போனால் சண்டைதான் வரும். தேயிலைத் தோட்டச் சம்பளம் மாதம் 10ஆம் தேதி வரும், நீங்கள் 20ஆம் தேதி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போட்டால் யார் கையில் காசு இருக்கும்? 8, 9லேயே போடுங்கள். மடித்துவைத்த பிளவுஸ் படம் எடுபடாது, கழுத்தில் பைப்பிங் (ஓரத்தில் தைக்கும் மெல்லிய துணிக்கரை) வளைந்து திரும்பும் இடத்தைக் கிட்டத்தில், ஜன்னல் வெளிச்சத்தில் எடுங்கள் (மூடுபனி இறங்குவதற்கு முன்னால்!). அப்புறம், பள்ளிக்கூட டீச்சர்மாரை மறந்துவிட்டீர்களே, அவர்களுக்குத் தினமும் சாரிதான். அளவை ஒரு கொப்பியில் எழுதி வைத்துக்கொண்டால் அடுத்த தடவை துணியை மட்டும் அனுப்பினால் போதும். பாதிக் காசு வாங்காமல் கத்தரிக்கோலைத் தொடாதீர்கள், சொந்த மாமியாக இருந்தாலும் சரி.