முதல் எக்கோ இயல்பு, மறுபடி எதற்கு?

கேள்வி: என் மூன்று வயது மகனுக்குத் தொடர் காய்ச்சல், கண் சிவப்பு, உதட்டில் வெடிப்பு. கவாசாகி நோய் என்று சொல்லி, ஏழாம் நாள் இம்யூனோகுளோபுலின் மருந்தை ஏற்றினார்கள். அன்று எடுத்த எக்கோ இயல்பாக இருந்தது. இப்போது ஓடியாடி விளையாடுகிறான். இரண்டு வாரம் கழித்தும் ஆறு வாரம் கழித்தும் மறுபடி எக்கோ எடுக்கச் சொல்கிறார்கள். அவசியமா? கதிர்வீச்சு ஆபத்து இல்லையா?

பதில்: அவசியம்தான். எக்கோ என்பது இதயத்துக்கு எடுக்கும் அல்ட்ராசவுண்ட். ஒலி அலைகள் மட்டுமே, கதிர்வீச்சு துளியும் கிடையாது.

கவாசாகி என்பது ரத்தக் குழாய்களில் அழற்சி உண்டாக்கும் நோய். அந்த அழற்சி, இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் கொரோனரி தமனிகளைத் தாக்கக்கூடும். முதல் வாரத்தில் அவை பெரும்பாலும் இயல்பாகவே தெரியும். சுவர் வலுவிழந்து தமனி விரிவது அதற்குப் பிறகுதான். விரிந்தாலும் குழந்தைக்கு வலிக்காது, விளையாட்டும் நிற்காது. அதனால்தான், பிள்ளை தேறிவிட்டான் என்று பரிசோதனைக்கு வராமல் இருந்துவிடும் பெற்றோரை நினைத்து எனக்குக் கவலை.

பத்து நாட்களுக்குள் இம்யூனோகுளோபுலின் கொடுத்தால், தமனி வீங்கும் வாய்ப்பு சுமார் 25 சதவீதத்திலிருந்து 4 சதவீத அளவுக்குக் குறைகிறது. உங்கள் மகனுக்கு உரிய நேரத்தில் கிடைத்துவிட்டது, நல்லது. ஆனாலும் அந்த நான்கு சதவீதத்தில் யார் இருப்பார்கள் என்பதை எக்கோதான் சொல்லும்.

அறிக்கையில் 'இயல்பு' என்ற சொல்லோடு நின்றுவிடாதீர்கள். இசட் ஸ்கோர் எவ்வளவு என்று கேளுங்கள். அதே உடல் அளவுள்ள குழந்தைகளின் சராசரியிலிருந்து தமனியின் விட்டம் எவ்வளவு விலகியிருக்கிறது என்பதைச் சொல்லும் எண் அது. மூன்று மில்லிமீட்டர் விட்டம் பெரிய பிள்ளைக்குச் சாதாரணமாக இருக்கலாம், கைக்குழந்தைக்கு அது வீக்கம். ஆகவே உயரத்தையும் எடையையும் கணக்கில் சேர்த்து இந்த எண்ணைக் கண்டறிகிறோம். 2.5 அல்லது அதற்கு மேல் என்றால் வீக்கம். 10 அல்லது அதற்கு மேல் என்றால் மிகப் பெரிய வீக்கம். முதல் அறிக்கையையும் கையோடு கொண்டுபோங்கள்; இரண்டையும் ஒப்பிடும்போதுதான் மாற்றம் பிடிபடும். குழந்தை அழுது புரண்டால் அளவு தவறும் என்பதால், சில நேரம் லேசான உறக்க மருந்து தருவார்கள். பயப்பட வேண்டாம்.

குறைந்த அளவு ஆஸ்பிரினை, மருத்துவர் சொல்லும்வரை நீங்களாக நிறுத்தாதீர்கள். அதைச் சாப்பிடும் காலத்தில் வீட்டில் யாருக்காவது அம்மையோ ஃப்ளூவோ வந்தால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். மீண்டும் காய்ச்சல் அடித்தால் எக்கோ தேதிவரை காத்திருக்காமல் அன்றே போய்விடுங்கள். இம்யூனோகுளோபுலின் ஏற்றியிருப்பதால் தட்டம்மை, சின்னம்மைத் தடுப்பூசிகளை 11 மாதம் தள்ளிப்போட வேண்டியிருக்கும். தடுப்பூசி அட்டையில் இப்போதே குறித்து வாங்கிக்கொள்ளுங்கள்.