ஹாருன் நசுத்தியோன், பகுத்தறிவுக்கு முதலிடம் தரும் பழைய இஸ்லாமிய இறையியல் பிரிவான முஃதஸிலாவின் கொள்கையை மட்டும்தான் பரப்பினாரா?

இல்லை. இந்தோனேசிய இஸ்லாமிய அறிஞரான அவருடைய பெரிய வேலை பாடத்திட்டத்தில்தான். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில், எகிப்தியச் சீர்திருத்த அறிஞர் முகம்மது அப்துஹுவின் இறையியலை ஆய்ந்து 1968இல் முனைவர் பட்டம் பெற்றார். 1973 முதல் 1984 வரை ஜகார்த்தாவின் அரசு இஸ்லாமியக் கல்வி நிறுவனத்துக்கு ரெக்டர், அதாவது தலைவர்.

அவர் மாணவர் முன் வைத்த நான்கு கேள்விகளைப் பாருங்கள். இறைவன் இருப்பதைப் பகுத்தறிவு அறியுமா? அவனை அறிவது கடமை என்பதை? நன்மை தீமையை? நல்லதைச் செய்யும் கடமையை? வஹீ (இறைவெளிப்பாடு) இல்லாமலே நான்கையும் அறியலாம் என்பது முஃதஸிலா. முதலாவதை மட்டுமே என்பது அஷ்அரி என்ற இன்னொரு இறையியல் பிரிவு. மாத்துரீதிகள் என்ற மூன்றாவது பிரிவினரிலோ சமர்கந்துப் பிரிவு மூன்றையும் புகாராப் பிரிவு இரண்டையும் ஒப்புக்கொள்ளும். இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், ஒரே கொள்கைதான் இஸ்லாம் என்ற எண்ணம் தானாகவே தளர்ந்துவிடும். எதிர்ப்பு கிளம்பியதும் இதனால்தான். முன்னாள் மத அமைச்சர் ரஷீதி கடுமையாக மறுத்து எழுதினார்.