ஐஸ் இல்லாமல் கோழி நோய் மாதிரி அனுப்ப முடியுமா?

கேள்வி: பேச்சிப்பாறைப் பக்கம் நாட்டுக்கோழிகள் பச்சையாகக் கழிந்து, கழுத்து திருகிச் சாகின்றன. வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட் என்னும் வைரஸ் நோய்) என்று சந்தேகம். வைரஸின் மரபணுவைக் கண்டறியும் பி.சி.ஆர். சோதனைக்கு மாதிரி அனுப்ப வேண்டும். டீப் ஃப்ரீசர் இல்லை. என்ன வழி? – கால்நடை ஆய்வாளர், குலசேகரம்

பதில்: எஃப்.டி.ஏ. அட்டை (மாதிரியை உலர்த்தி அனுப்ப உதவும், ரசாயனம் ஊறிய தாள்) போதும். ஆனால் கொத்தாகச் சாவு இருந்தால் பறவைக் காய்ச்சலையும் நினைக்க வேண்டும். கால்நடை மருத்துவர் வந்து பார்க்கும்வரை கோழியை அறுக்காதீர்கள். பறவைக் காய்ச்சல் சந்தேகம் இருந்தால் மாதிரி கால்நடைத் துறை வழியாகத்தான் போபாலில் உள்ள தேசிய விலங்கு நோய் ஆய்வகத்துக்குப் போக வேண்டும்.

அட்டையில் ஊறியுள்ள ரசாயனம் வைரஸை உடைத்து, அதன் மரபணுப் பொருளான ஆர்.என்.ஏ.வைத் தாளின் இழைகளில் பிடித்துக்கொள்ளும். மூச்சுக்குழாயிலும் எச்சத்துவாரத்திலும் தனித்தனிப் பஞ்சுக்குச்சியால் எடுத்து, அரை மில்லி பி.பி.எஸ். (பாஸ்பேட் கலந்த உப்பு) கரைசலில் பிழியுங்கள். அதில் 125 மைக்ரோ லிட்டரை அட்டையில் அச்சிட்ட வட்டத்தின் நடுவிலிருந்து வெளியே சுற்றிச்சுற்றி விடுங்கள். அதற்கு மேல் ஊற்றினால் ரசாயனம் நீர்த்துப்போகும். மண்ணீரல், நுரையீரல், மூளை என்றால் வெட்டிய முகத்தின் ரத்தத்தை ஒற்றி எடுத்துவிட்டு ஒரே முறை அழுத்துங்கள். ரத்தம் கூடினால் பி.சி.ஆர். தடைபடும்.

காய வைப்பதில்தான் பெரும்பாலும் காரியம் கெடுகிறது. ஆர்.என்.ஏ.வைத் தின்னும் நொதி நம் விரல் வியர்வையிலேயே உண்டு. அது வேலை செய்ய ஈரம் வேண்டும். ஒரு மணி நேரம் போதும் என்பார்கள். இரண்டு பருவமழையும் நனைக்கிற குமரி மாவட்டத்தில் மூன்று மணி நேரமாவது நிழலில், படுக்கை வாட்டில் காய வையுங்கள். வெயிலோ ஹேர் டிரையரோ வேண்டாம். ஈரத்தோடு பாலித்தீன் பையில் போட்டால் பூஞ்சை பூக்கும். காய்ந்தபின் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடுங்கள். நீல மணிகள் இளஞ்சிவப்பானால் மாற்றுங்கள். டி.என்.ஏ. வருடக்கணக்கில் தாங்கும், ஆர்.என்.ஏ. அப்படியல்ல. இரண்டு வாரத்துக்குள் சேர்த்துவிடுங்கள்.

உறுப்புத் துண்டாகவே வேண்டும் என்று ஆய்வகம் கேட்டால் ஆர்.என்.ஏ. சிதையாமல் காக்கும் ஆர்.என்.ஏ. லேட்டர் என்ற திரவம் நல்லது. துண்டு அரை சென்டிமீட்டர் தடிமனைத் தாண்டக் கூடாது, திரவம் ஐந்து மடங்காவது இருக்க வேண்டும். 25 டிகிரியில் ஒரு வாரம் தாங்குவது 37 டிகிரியில் ஒரே நாள்தான். சாதாரண ஃப்ரிட்ஜில் வைத்தால் ஒரு மாதம். ஃபார்மலின் கூடவே கூடாது.

அட்டையில் வைரஸ் உயிரோடு இராது. வளர்த்துப் பார்க்க வேண்டுமென்றால் ஐஸ் பெட்டியில் தனி மாதிரி வேண்டும். படிவத்தில் வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசியான லசோட்டா சொட்டு மருந்து விட்ட தேதியைக் கட்டாயம் எழுதுங்கள். அந்தத் தடுப்பூசி வைரஸும் சோதனையில் பாசிட்டிவ் காட்டும். தேதி தெரிந்தால்தான் வைரஸின் எஃப் மரபணுவை வாசித்து நோய் வைரஸையும் தடுப்பூசி வைரஸையும் பிரிக்க வேண்டுமா என்று ஆய்வகம் முடிவுசெய்யும்.