வெளிர் பாத்திக்: எதை எடுப்பது, எவ்வளவு எடுப்பது?

துணித்துண்டுகளை இணைத்துக் குவில்ட் என்னும் போர்வை தைப்பவர்கள் அடர்நிறத் துணியை ஆசைப்பட்டு வாங்குவார்கள். வெளிர்நிறத்தை "பின்னணிக்குத்தானே" என்று கடைசி ஐந்து நிமிடத்தில் எடுப்பார்கள். பிறகு குவில்ட் விரித்த அன்று வருத்தப்படுவார்கள். இந்த முறை பாத்திக் (மெழுகிட்டுச் சாயமேற்றிய துணி) பற்றி வந்த கேள்விகளில் பெரும்பாலானவை அந்த ஐந்து நிமிடத்தைப் பற்றியவைதான்.

கேள்வி (வாசகி, டாலஸ்): அக்கா, 60-க்கு 72 அங்குலத்தில் நட்சத்திரக் குவில்ட் தைக்கப் போகிறேன். நட்சத்திரங்களுக்குக் கருநீலம், கரும்பச்சை, மெரூன் பாத்திக் எடுத்துவிட்டேன். பின்னணிக்கு வெளிர் பாத்திக் தேடிக் கடைக்குப் போனால் கிரீம், மணல், சாம்பல் என்று முப்பது ரோல் நிற்கிறது. ஒன்றும் புரியாமல் வெறுங்கையோடு வந்துவிட்டேன்.

வெறுங்கையோடு வந்தது நல்லதுதான். மறுபடி போகும்போது அந்த மூன்று அடர்நிறத் துணிகளிலும் ஒவ்வொரு துண்டு கையில் இருக்கட்டும். ஹூஸ்டனில் ஆண்டுதோறும் நடக்கும் சர்வதேச குவில்ட் திருவிழாவில் சிலர் சின்னச் சின்னத் துணித்துண்டுகளை ஒரு வளையத்தில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வருவதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் யாரும் ஞாபகத்தை நம்பி நிறம் வாங்குவதில்லை.

முதலில் பார்க்க வேண்டியது வெளிர்நிறத்துக்குள் ஒளிந்திருக்கும் சாயல். "நியூட்ரல்" என்று ஒரே அலமாரியில் அடுக்கியிருந்தாலும் ஒன்று சந்தனம், ஒன்று விபூதிச் சாம்பல், ஒன்று அரிசி கழுவிய தண்ணீர். தனியாகப் பார்த்தால் எல்லாம் வெள்ளைக்குப் பக்கத்தில் இருப்பதுபோலத் தெரியும். நான்கை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுப் பாருங்கள். மஞ்சளோடும் ரோஸோடும் பச்சையோடும் போவது எது எது என்று உடனே பிரிந்துவிடும். புடவையைக் கடை வாசலுக்கு எடுத்து வந்து வெயிலில் பார்ப்போமே, அதையே செய்யுங்கள். கடை விளக்கில் கிரீமாகத் தெரிந்த ஒரு துணி என் வீட்டு ஜன்னலில் வெளிர்ப்பச்சையாக நின்ற அனுபவம் எனக்கு உண்டு. உங்கள் மெரூனுக்குச் சந்தனச் சாயல் நன்றாக ஒத்துப்போகும். கருநீலத்துக்குச் சாம்பல் அழகு. மூன்றுக்கும் பொதுவாக வேண்டுமென்றால் சாம்பலும் மணலும் கலந்த நடுத்தரச் சாயலைத் தேடுங்கள்.

அடுத்தது உள்ளே இருக்கும் உரு. இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். இந்தத் துணிகளில் பெரும்பகுதி இந்தோனேசியாவில், பாலியிலும் ஜாவாவிலும் தயாராவது. வெளுத்த பருத்தித் துணிக்கு முதலில் மெல்லிய சாயம் ஏற்றுவார்கள். "சாப்" என்னும் செப்பு அச்சை உருகிய மெழுகில் தொட்டு அதன்மேல் பதிப்பார்கள். பிறகு இன்னொரு சாயம். கடைசியில் வெந்நீரில் போட்டு மெழுகை எடுத்துவிடுவார்கள். மெழுகு காத்த இடத்தில் முதல் நிறம் அப்படியே இருக்கும், மற்ற இடம் இன்னும் கொஞ்சம் கறுக்கும். ஆக எந்த வெளிர் பாத்திக்கிலும் குறைந்தது இரண்டு அழுத்தம் (நிறத்தின் அடர்வு) உண்டு. அவற்றுக்கு நடுவே இடைவெளி அதிகமாக இருந்தால், பெரிய இலை போட்ட துணியை மூன்றரை அங்குலமாக வெட்டும்போது ஒரு துண்டு பால்வெள்ளையாகவும் அடுத்தது டீத்தண்ணீராகவும் வரும். நட்சத்திரத்தின் முனை அந்த டீத்தண்ணீரில் கரைந்து போகும்.

அதற்கு ஒரு வழி. தடித்த அட்டையில் மூன்றரை அங்குலச் சதுரம் வெட்டி எடுத்துவிட்டு, அந்தச் சட்டத்தைக் கடையில் ரோலின் மேல் நகர்த்திப் பாருங்கள். பத்து இடத்தில் வையுங்கள். பத்திலும் உங்கள் கருநீலத் துண்டு எடுப்பாக நின்றால் அந்தத் துணி சரி. இரண்டு இடத்தில் தயங்கினாலும் வேண்டாம். சந்தேகமாக இருந்தால் இரண்டையும் சேர்த்துக் கைபேசியில் கறுப்பு-வெள்ளைப் படம் எடுங்கள். நிறம் போய் அழுத்தம் மட்டும் நிற்கும்.

ஒரே துணியாக எடுக்காமல் மூன்று நான்கு வெளிர் பாத்திக்குகளைக் கலந்து எடுக்கவும் செய்யலாம். எனக்கு அதுதான் பிடிக்கும். பின்னணி தட்டையாக இல்லாமல் வெயில் விழுந்த சுவர்போல அசையும். எல்லாம் ஒரே சாயல் குடும்பமாக மட்டும் இருக்கட்டும்.

கேள்வி (அதே வாசகி): எத்தனை கெஜம் எடுக்க வேண்டும்?

12 அங்குல ரம்பப்பல் நட்சத்திரம் (sawtooth star), ஐந்துக்கு ஆறு வரிசை, மொத்தம் 30 கட்டம் என்று வைத்துக்கொள்கிறேன். ஒரு கட்டத்துக்குப் பின்னணியில் மூன்றரை அங்குலச் சதுரம் நான்கு, மூன்றரைக்கு ஆறரை செவ்வகம் நான்கு. 30 கட்டத்துக்கு 120 சதுரம், 120 செவ்வகம். ஓரக்கரை போக 42 அங்குல அகலம் கிடைக்கும் என்றால், ஒரு பட்டையில் 12 சதுரம் வரும், அதனால் 10 பட்டை. செவ்வகம் பட்டைக்கு ஆறுதான், அதனால் 20 பட்டை. 30 பட்டை, ஒவ்வொன்றும் மூன்றரை அங்குலம்: 105 அங்குலம். மூன்று கெஜத்துக்குச் சற்றுக் குறைவு. நீங்கள் மூன்றரை கெஜம் எடுங்கள். கோணல் வெட்டு, துவைத்தால் சுருங்குவது, தப்பாகத் தைத்த இரண்டு கட்டம் எல்லாம் அதற்குள் அடங்கும். சுற்றிலும் பார்டர் வைப்பதாக இருந்தால் அதைத் தனியாகக் கணக்குப் போடுங்கள்.

அந்த மூன்றரை கெஜத்தையும் ஒரே நாளில், ஒரே ரோலிலிருந்து வாங்குங்கள். கையால் சாயமிடுகிற துணி இது. பெயரும் எண்ணும் அதேதான் இருக்கும், சாயத்தொட்டி வேறாக இருக்கும். அடர்நிறத்தில் அந்த வித்தியாசம் மறைந்துவிடும், வெளிர்நிறத்தில் மறையாது. ஒருமுறை எனக்கு ஒரு கெஜம் போதாமல் மூன்று மாதம் கழித்து அதே எண்ணுள்ள துணியை வரவழைத்தேன். இரவு விளக்கில் ஒன்றுபோலவே இருந்தது. இரண்டு கட்டங்களை முடித்து மேல் மூலையில் வைத்துத் தைத்தும் விட்டேன். காலையில் பார்த்தால் அந்த மூலை மட்டும் இளரோஸ். பிரித்து, புதுத் துணியை நான்கு பக்கமும் பரவலாக வருகிற மாதிரி மாற்றித் தைக்க ஒரு வாரம் ஆனது. உங்களுக்குத் துணி போதாமல் போனால் ஒரே மூலையில் ஒட்டுப் போடாமல் அப்படிப் பரப்பித் தையுங்கள்.

கேள்வி (வாசகர், நியூஜெர்சி): மனைவிக்குப் பிறந்தநாள் பரிசாக இணையத்தில் வெளிர் பாத்திக் பார்க்கிறேன். வழக்கமான கடைகளில் கெஜம் 12, 13 டாலர். ஓர் இடத்தில் அதில் பாதி விலை. உண்மையான பாத்திக்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பாதி விலை என்றால் பெரும்பாலும் அச்சடித்த துணிதான். பாத்திக் உருவைப் படம்பிடித்து இயந்திரத்தில் அச்சிடுவது. இந்தோனேசியர்களே இதைப் பாத்திக் என்று ஒப்புக்கொள்வதில்லை, "பாத்திக் உரு போட்ட துணி" என்று பிரித்துச் சொல்வார்கள். 2009-ல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்ததும் கையால் மெழுகிட்டுச் சாயமேற்றும் அந்தக் கலையைத்தான்.

துணி கைக்கு வந்தால் முதலில் பின்பக்கம் திருப்புங்கள். மெழுகும் சாயமும் துணிக்குள் ஊடுருவியிருப்பதால் உண்மையான பாத்திக்கில் எது முன்பக்கம் என்று சொல்வதே கஷ்டம். அச்சுத் துணியின் முதுகு வெளிறிக் கிடக்கும். மிக வெளிர்நிறத்தில் இந்தச் சோதனை கொஞ்சம் ஏமாற்றும். அப்போது ஓரக்கரையைப் பாருங்கள்; வரிசையாகச் சின்ன நிறவட்டங்கள் இருந்தால் அது அச்சு. உரு திரும்பத் திரும்ப வரும் இடத்தையும் கவனியுங்கள். கையால் பதித்த அச்சு ஒரு நூல் அளவாவது விலகியிருக்கும். இணையத்தில் வாங்குவதானால், இரண்டு பக்கமும் தெரிகிற படம் கேட்டு எழுதுங்கள். பதில் தராத கடையில் வாங்க வேண்டாம்.

"நூறு சதவீதம் பருத்தி" என்று எழுதியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். ரேயான் பாத்திக்கும் அதே பக்கங்களில் விற்கிறது. சட்டைக்கும் பாவாடைக்கும் அருமையான துணி. குவில்டுக்கு எடுத்தால் கத்தரிக்கு அடியிலேயே நழுவும்.

அச்சுத் துணி கெட்டது என்று சொல்ல மாட்டேன். அச்சுத் துணியின் விலைக்கு வாங்கினால் அதில் நஷ்டமில்லை.

கேள்வி (வாசகி, டொராண்டோ): கிரீம் பாத்திக்கில் கருநீலம் சேர்த்துத் தைத்த குவில்டை முதல்முறை துவைக்கப் பயமாக இருக்கிறது. நீலம் ஊறிவிடுமோ? அம்மா கல்லுப்புத் தண்ணீரில் ஊறவைக்கச் சொல்கிறார்.

சுங்குடிப் புடவையை உப்புத் தண்ணீரில் ஊறவைத்துப் பழகிய வீடுகளில் எல்லோரும் சொல்வது இது. என் அம்மாவும் சொல்லியிருக்கிறார். சாயத்தொட்டியில் உப்புக்கு வேலை உண்டு. சாயத்தை நூலை நோக்கித் தள்ளும். ஆனால் சாயமிட்டு முடித்து வந்த துணியில் ஒட்டாமல் மிஞ்சியிருக்கும் சாயத்தை உப்பு பூட்டி வைக்காது. வினிகரும் அப்படித்தான், அது பட்டுக்கும் கம்பளிக்கும் ஏற்றும் சில சாயங்களுக்கு உரியது. மிஞ்சிய சாயத்தை வெளியேற்றுவது ஒன்றே வழி.

அடுத்த குவில்டில் இதை வெட்டுவதற்கு முன்பே செய்துவிடுங்கள். ஒவ்வொரு அடர்நிறத்திலும் இரண்டு அங்குலத் துண்டு வெட்டி, தனித்தனிக் கண்ணாடித் தம்ளரில் வெதுவெதுப்பான தண்ணீரும் ஒரு சொட்டு சோப்பும் விட்டு அரை மணி நேரம் வையுங்கள். தண்ணீர் நிறம் மாறினால் அந்தத் துணியை, தண்ணீர் தெளிவாக வரும் வரைக்கும் அலசுங்கள். மாறவில்லையென்றால் ஈரத்துண்டை வெள்ளைக் காகிதத்துண்டின் மேல் வைத்து அழுத்திப் பாருங்கள்.

தைத்து முடித்துவிட்டதால், உங்கள் குவில்டைத் தனியாக, நிறைய தண்ணீரில், சாயம் பிடிக்கும் காகிதம் இரண்டு மூன்று போட்டுத் துவையுங்கள். சுற்று முடிந்த உடனே வெளியே எடுங்கள். ஈரத்தோடு மடங்கிக் கிடக்கும் நேரத்தில்தான் கறை ஏறும். அப்படியும் ஊறிவிட்டால் ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: உலர்த்தும் இயந்திரத்தில் போடாதீர்கள். குளியல் தொட்டியில், கை பொறுக்காத சூட்டுத் தண்ணீரில் கொஞ்சம் சோப்பு கலந்து, குவில்ட் முழுக்க மூழ்கும்படி 12 மணி நேரம் விடுங்கள். தண்ணீர் நீலமானால் கொட்டிவிட்டு மறுபடியும். தங்கை குழந்தைக்குத் தைத்த தொட்டில் குவில்டை நான்கு தொட்டித் தண்ணீருக்குப் பிறகு அப்படித்தான் மீட்டேன். நான்காவது தண்ணீர் தெளிவாக நின்றதைப் பார்த்தபோது வந்த நிம்மதி இன்னும் நினைவிருக்கிறது.

கேள்வி (வாசகி, கோயம்புத்தூர்): இறக்குமதித் துணி கட்டுபடியாகவில்லை. நம் ஊர்ப் பாத்திக்கில் குவில்ட் தைக்கலாமா?

தாராளமாக. கட்ச்சில் முந்த்ரா, உஜ்ஜைனுக்குப் பக்கத்தில் பேரூகட் ஆகிய இடங்களின் பாத்திக் இங்கே கிடைக்கிறது. சென்னைக்கு அருகே 1966-ல் உருவான சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில்கூட, ஓவியம் விற்காத காலத்தில் கலைஞர்கள் பாத்திக் செய்துதான் வயிற்றைப் பார்த்துக்கொண்டார்கள். இலங்கையில் கலைஞர் ஈனா டி சில்வா வளர்த்தெடுத்த பாத்திக்கும் தனி அழகு. ஆனால் நம் பக்கத்துப் பாத்திக் பெரும்பாலும் அடர்நிறம். வெளிர்நிறம் தேடினால் கிடைப்பது அரிது. நெசவும் பாலித் துணி அளவுக்கு நெருக்கமாக இருக்காது.

அதனால் நட்சத்திரத்துக்கு நம் பாத்திக்கை வைத்துக்கொண்டு, பின்னணிக்கு ஈரோட்டுச் சந்தையில் நெருக்கமான காடாத் துணியோ வெளிர்நிற பாப்ளினோ எடுங்கள். காடாவின் இயற்கை மஞ்சள் சாயலைவிட நல்ல நியூட்ரல் நிறம் எனக்குத் தெரிந்து இல்லை. விரித்து வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். பின்னால் இருக்கும் கை விரல் எண்ணும்படி தெரிந்தால் வேண்டாம், தையலுக்குள் மடங்கும் மெரூன் ஓரம் வெளியே கோடாகத் தெரியும். வாங்கியதும் இரண்டு முறை வெந்நீரில் துவைத்துச் சுருக்கத்தை எடுத்து, லேசாகக் கஞ்சி போட்டு இஸ்திரி செய்தபின் வெட்டுங்கள். மடிப்பை எப்போதும் அடர்நிறத்தின் பக்கம் தள்ளி இஸ்திரி போடுங்கள்.

கேள்வி (வாசகி, சிங்கப்பூர்): பாலி பாத்திக்கில் கையால் குவில்ட் தையல் (அடுக்குகளைச் சேர்க்கும் தையல்) போட முடியவில்லை. ஊசி இறங்கவே மாட்டேன் என்கிறது.

நெசவு அவ்வளவு நெருக்கம். உங்கள் கையில் குறையில்லை. கையால்தான் போட வேண்டும் என்றால் சாதாரணப் பருத்திக்கு மாறுங்கள். இயந்திரத்தில் போடுவதானால் கூர்முனையுள்ள மைக்ரோடெக்ஸ் ஊசி, 70 அல்லது 80 எண், 50 எண் பருத்தி நூல். பிரிக்க நேர்ந்தால் பாத்திக்கில் ஊசித்துளை வரிசையாகத் தெரியும், வெளிர்நிறத்தில் இன்னும் துலக்கமாக. தண்ணீர் தெளித்து, நகத்தால் பாவு வாக்கிலும் ஊடை வாக்கிலும் மாறி மாறி வருடி, சூடாக இஸ்திரி போடுங்கள். பெரும்பாலான துளைகள் மூடிக்கொள்ளும்.