காரணம் பிடிபடாத பக்கவாதம்: டி-டைமர், என்டி-புரோபிஎன்பி கூடியிருந்தால் என்ன பொருள்?

காரணம் தெரியாத பக்கவாதம் என்று சொல்லிவிட்டார்கள், ரத்தத்தில் டி-டைமரும் (ரத்தக்கட்டி கரையும்போது உண்டாகும் துணுக்கு) என்டி-புரோபிஎன்பியும் (இதயம் வெளியிடும் ஒரு புரதம்) கூடியிருக்கின்றன, இதை வைத்து இனி எப்படி இருக்கும் என்று சொல்ல முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இவற்றை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. நோயாளி எந்த அளவுக்குத் தேறுவார் என்பதை வயதும், வந்து சேர்ந்தபோது பாதிப்பு எவ்வளவு கடுமையாக இருந்தது என்பதுமே அதிகம் தீர்மானிக்கின்றன. ரத்தக் குறியீடுகள் அதற்கு மேல் கொஞ்சம்தான் சொல்லும். ஆனால் அடுத்து எங்கே தேடவேண்டும் என்று காட்டுவதில் அவை மிகவும் உதவும்.

டி-டைமரில் முதலில் அலகைப் பாருங்கள். எஃப்.ஈ.யு. அலகில் 500 வருவதும் டி.டி.யு. அலகில் 250 வருவதும் ஏறக்குறைய ஒன்றே. இரண்டு லேப் ரிப்போர்ட்டை அருகருகே வைத்து, இரு மடங்காகிவிட்டது என்று வீணாகப் பதறுகிறவர்கள் உண்டு. வயது, தொற்று, அண்மையில் நடந்த அறுவை சிகிச்சை, காலில் ரத்தக்கட்டி என எதுவும் இதைக் கூட்டும். அளவு பல மடங்கு உயர்ந்து, எம்.ஆர்.ஐ.யில் மூளையின் இரு பக்கமும் பின்பகுதியும் சேர்ந்து பாதிக்கப்பட்டிருந்து, எடையும் குறைந்திருந்தால் மறைந்திருக்கும் புற்றுநோயைத் தேடியே ஆகவேண்டும்.

என்டி-புரோபிஎன்பி இதயச் சுவர் இழுபடும்போது கூடும். சிறுநீரகக் கோளாறும் கூட்டும், உடல் பருமன் குறைத்துக் காட்டும். பக்கவாதம் வந்த முதல் சில நாட்களில் தானாகவே ஏறியிருக்கலாம் என்பதால் பிறகு ஒருமுறை எடுத்துப் பார்ப்பது நல்லது. இது கூடிவிட்டது என்பதற்காக மட்டும் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையைக் கேட்டு வாங்காதீர்கள். ஆர்காடியா ஆய்வில் (2024) என்டி-புரோபிஎன்பி ஒரு மில்லிக்கு 250 பிகோகிராமுக்கு மேல் இருப்பதும் இதயத்தின் இடது மேலறை பாதிப்பின் அடையாளங்களில் ஒன்றாகக் கொள்ளப்பட்டது. அப்படிப்பட்டவர்களிடம் ரத்தம் உறையாமல் தடுக்கும் அபிக்சபான் மாத்திரை ஆஸ்பிரினை விட மேலாக வேலை செய்யவில்லை. இரு பிரிவிலும் மறுபடி பக்கவாதம் வந்தது ஆண்டுக்கு 4.4 சதவீதம். நீங்கள் கேட்க வேண்டியது நீண்டநாள் இதயத்துடிப்புக் கண்காணிப்பு. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதய மேலறைகள் தாறுமாறாகத் துடித்து ரத்தக்கட்டியை உண்டாக்கக்கூடிய கோளாறு) வந்து வந்து போகும், உடலில் மாட்டி 24 மணி நேரம் துடிப்பைப் பதியும் ஹோல்டர் கருவியில் எளிதாகத் தப்பிவிடும். கிரிஸ்டல் ஏ.எஃப். ஆய்வில் தோலுக்கடியில் வைத்த கருவி ஒரு வருடத்தில் 12.4 சதவீதம் பேரிடம் அதைக் கண்டுபிடித்தது. வழக்கமான முறையில் சிக்கியது 2 சதவீதம்தான்.

சி.ஆர்.பி. (உடலில் அழற்சியைக் காட்டும் குறியீடு) கூடியிருந்தால், எந்த நாளில் எடுத்தது என்று கேளுங்கள். சில நாள் கழித்து திடீரென ஏறினால், விழுங்கும்போது உணவு நுரையீரலுக்குள் போய் நிமோனியா ஆகியிருக்கலாம், சிறுநீர்த் தொற்றாகவும் இருக்கலாம். இவை தேறுவதை நேரடியாகக் கெடுப்பவை, ஆனால் மருந்துக்குக் கட்டுப்படுபவை. ட்ரோபோனினை (இதயத் தசை பாதிக்கப்பட்டால் கூடும் புரதம்) சில மணி நேர இடைவெளியில் இருமுறை பார்க்கவேண்டும். எண் மாறிக்கொண்டே இருந்தால் இதயத்தில் புதிதாக ஏதோ நடக்கிறது.

இளவயதுக்காரர் என்றால் ஆன்டிபாஸ்போலிப்பிட் பரிசோதனையும் (ரத்தம் எளிதில் உறையச் செய்யும் எதிர்ப்புப் பொருள்களைத் தேடுவது) தேவை. ஹெபாரின், வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகள் இந்தப் பரிசோதனையின் ஒரு பகுதியான லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் முடிவைக் குழப்பும் என்பதால், முடிந்தால் அவற்றைத் தொடங்கும் முன்பே ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். நீல மூடிக் குழாயில் கோடு வரை ரத்தம் நிரம்பியிருக்க வேண்டும், குறைந்தால் முடிவு தவறும். பாசிட்டிவ் என்று வந்தால் குறைந்தது 12 வாரம் கழித்து மறுபடி எடுத்து உறுதிசெய்த பிறகே ஆன்டிபாஸ்போலிப்பிட் நோய் என்று முடிவுகட்டுவார்கள்.