உங்கள் ஊரில் இன்றும் எல்லோரும் நினைத்துப் பேசும் ஆசிரியர் யார்? அவர் அப்படி என்ன செய்தார்?

எங்கள் ஊர் காங்கயத்துக்கும் சென்னிமலைக்கும் நடுவில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. சுற்றிலும் கொறங்காடு, அதாவது வேலி கட்டிய மேய்ச்சல் நிலம். கிளுவை வேலி, அங்கங்கே வெள்வேல மரம், கீழே கொழுக்கட்டைப் புல். அங்கிருந்த ஈராசிரியர் தொடக்கப் பள்ளிக்கு 1978-ல் வந்து, 2006-ல் ஓய்வு பெறும் வரை அங்கேயே இருந்தவர் எங்கள் பெரிய டீச்சர். ஊரில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நானும் பெரிய டீச்சர் என்றே எழுதுகிறேன். போன தை மாதம் தவறிப்போனார்.

பாடம் நன்றாக நடத்துவார், கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். ஆனால் ஊர் அவரை நினைத்துக்கொள்வது வேறொன்றுக்காக. யார் வரவில்லையோ, அவர்கள் மேல்தான் எப்போதும் அவருக்குக் கண். காலையில் பெயர் கூப்பிடும்போது ஒரு "உள்ளேன் டீச்சர்" வராவிட்டால் பேனா அப்படியே நின்றுவிடும். "எங்கடா அவன்?" பக்கத்து வீட்டுப் பிள்ளை யாராவது பதில் சொல்லும் வரை அடுத்த பெயருக்குப் போக மாட்டார். சாயங்காலம் பஸ் ஏறுவதற்கு முன்னால் அந்த வீட்டுக்கு ஒரு நடை போய்விட்டுத்தான் கிளம்புவார்.

1989-ல் சத்துணவில் முட்டை போட ஆரம்பித்தார்கள். அப்போது இரண்டு வாரத்துக்கு ஒன்று. முட்டை நாள் எங்களுக்குத் திருவிழா மாதிரி. நான் அந்த வருடம் ஐந்தாம் வகுப்பு. மாட்டு வண்டியிலிருந்து விழுந்து கால் ஒடிந்து, கட்டுப் போட்டுக்கொண்டு ஒன்றரை மாதம் வீட்டில் கிடந்தேன். முட்டை போச்சே என்றுதான் எனக்கு அழுகை. அன்று பொழுதோடு டீச்சர் வந்தார். சத்துணவுக் கணக்கில் கை வைக்க மாட்டார், அதனால் கடையில் சொந்தக் காசில் ஒரு முட்டை வாங்கி, சத்துணவு ஆயாவிடம் கொடுத்து வேகவைத்து, கைக்குட்டையில் முடிந்து எடுத்து வந்திருந்தார். கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்து, ஓட்டைத் தட்டி அவரே உரித்தார். ஒரு சிட்டிகை மிளகும் உப்பும் காகிதத்தில் மடித்து வைத்திருந்தார். நான் தின்று முடிக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி, பதிமூணாம் வாய்ப்பாடு சொல்லு" என்றார். அந்த ஒன்றரை மாதத்தில் மூன்று முட்டை எனக்கு வந்து சேர்ந்தது. பின்னால் விசாரித்துப் பார்த்தால் ஊரில் பல வீட்டில் இதே கதை இருக்கிறது.

அப்புறம் பெரியவர்களுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்த அறிவொளி இயக்கம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் பக்கமும் வந்தது. ராத்திரி வகுப்பு முதலில் மாரியம்மன் கோயில் திண்ணையில், அரிக்கேன் வெளிச்சத்தில் நடந்தது. நாலாம் நாள் டீச்சர் சுற்றிலும் பார்த்துவிட்டு, காலனியிலிருந்து ஒருத்தர் கூட வரவில்லையே என்று கேட்டிருக்கிறார். ஏன் வரவில்லை என்று அங்கே உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் தெரியும். மறுநாளே வகுப்பைப் பள்ளிக்கூட வராந்தாவுக்கு மாற்றிவிட்டார். காலனிப் பெண்கள் வந்தார்கள். ஊருக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தவர்களில் சிலர் நின்றுவிட்டார்கள். என் அப்பத்தாவும் அதில் ஒருத்தர். இதை மறைத்து எழுத எனக்கு மனசு வரவில்லை.

பத்து நாள் கழித்து டீச்சர் எங்கள் வாசலில் வந்து நின்றார். "ஏனுங்கம்மா, பத்து நாளாக் காணமே?" என்று கேட்டார். அப்பத்தா முறத்தில் பயிறு புடைத்துக்கொண்டே, "அவங்கெல்லாம் வர்ற எடத்துக்கு..." என்று இழுத்தார். "அவங்க படிக்க வர்றாங்க. நீங்க எதுக்குங்க வந்தீங்க?" கோபமில்லாமல்தான் கேட்டார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசாமல், கொடுத்த மோரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். இரண்டு நாள் கழித்து அப்பத்தா சிலேட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

அதற்கு முன்னால் அப்பத்தா பஸ் ஏறுவதென்றால் பக்கத்தில் நிற்கிறவர்களிடம், "இது எந்தூர்ப் பஸ்ஸுங் கண்ணு?" என்று கேட்டே ஆக வேண்டும். ஆறேழு மாதம் கழித்து ஒரு நாள் நாங்கள் ரோட்டோரம் நின்றிருந்தோம். தூரத்தில் பஸ் வந்தது. அப்பத்தா கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "கா... ங்... க... ய... ம்" என்று ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினார். பஸ் வந்து நின்றதும் யாரையும் கேட்காமல் ஏறி, சன்னலோரம் உட்கார்ந்துகொண்டார். அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அவர் தேடிப் போன எல்லோரும் திரும்பி வந்துவிடவில்லை. என் வகுப்புப் பையன் ஒருவனைத் திருப்பூரில் பனியன் கம்பெனியில் கைமடிக்கும் எடுபிடி வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்று ஞாயிற்றுக்கிழமை திருப்பூருக்கு நடையாய் நடந்து கூட்டி வந்தார், அவன் ஐடிஐ வரை படித்தான். ஆனால் ஒரு பெண்ணை எட்டாவது முடிக்கும் முன்பே கட்டிக் கொடுத்தார்கள். டீச்சர் மூன்று முறை அந்த வீட்டுப் படியேறியும் நடக்கவில்லை. ஓய்வு பெற்ற பிறகும், நாங்கள் நாலு பேர் கூடிப் பழைய கதை பேசினால், திடீரென்று அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லி, "இன்னும் ஒருக்காப் போயிருக்கோணும்" என்பார்.

ஓய்வுக்கு அப்புறம் எங்கள் ஊரிலேயே வீடு எடுத்துத் தங்கிவிட்டார். காங்கயத்தைச் சுற்றித் தேங்காய்க் களங்கள் அதிகம். வெளியூரிலிருந்து குடும்பத்தோடு வந்து களத்திலேயே தங்கி, தேங்காய் உடைத்துப் பருப்புக் காயவைக்கிறார்கள். போலியோ சொட்டு மருந்து நாளில் களத்துப் பிள்ளைகள் முகாமுக்கு வர மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். நர்ஸம்மாவைக் கூட்டிக்கொண்டு களம் களமாகப் போவார். பிறகு அதே பிள்ளைகளுக்கு வேப்பமரத்தடியில் சாயங்கால வகுப்பும் வைத்தார். வடக்கேயிருந்து ஆட்கள் வர ஆரம்பித்ததும், அந்தப் பிள்ளைகளுக்காக அறுபத்தைந்து வயதுக்கு மேல் இந்தி எழுத்து அட்டை வாங்கி வைத்துக்கொண்டு படித்தார்.

கடைசியாக ஒன்று சொல்ல வேண்டும். 2019 டிசம்பர் 26-ல் வளைய சூரிய கிரகணம் வந்தது. காங்கயம் பக்கம் முழு வளையமும் தெரியும். அரையாண்டு விடுமுறை. டீச்சர் சூரியக் கண்ணாடிகள் வாங்கி வைத்துக்கொண்டு பிள்ளைகளையும் பெரியவர்களையும் பள்ளிக்கூடத்து வாசலுக்கு வரச் சொன்னார். கிரகணத்தில் சாப்பிடக் கூடாது என்பவர்களுக்காகவே பொரிகடலையும் வைத்திருந்தார். எட்டு மணிக்கு மேல் சூரியன் ஓரத்தில் கடிபட ஆரம்பித்தது. ஒன்பதே கால் இருக்கும், கூட்டத்தைப் பார்த்தவர், "அவன் எங்க?" என்றார்.

அவன் என்றால் மூன்றாவதோடு நின்று ஆடு மேய்க்கப் போனவன். இன்றும் ஆடுதான் மேய்க்கிறான். எழுபது வயதைத் தாண்டிய முட்டிவலியோடு கண்ணாடியை எடுத்துக்கொண்டு கொறங்காட்டுக்குக் கிளம்பிவிட்டார். நானும் கூடவே ஓடினேன். படலைத் தள்ளிக்கொண்டு நாங்கள் உள்ளே போகவும், வெயில் வெளிறிப்போகவும் சரியாக இருந்தது. ஆடுகள் மேயாமல் ஒன்றோடொன்று ஒண்டி நின்றன. அவன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாயைத் திறந்தபடி பார்த்தான். டீச்சர் வெள்வேல மரத்தடியைக் காட்டி, "கண்ணாடி இல்லாமயே இங்க பாரு சாமி" என்றார். இலை இடுக்கு வழியாக விழுந்த வெளிச்சம் ஒவ்வொன்றும் மண்ணில் சின்னச் சின்ன வளையமாகக் கிடந்தது. ஒரு வளையம் அவன் பாதத்தின் மேல் இருந்தது. காலை அசைக்காமல் நின்றான்.

கண்ணாடியை அவனிடமே விட்டுவிட்டு வந்தார்.

டீச்சர் தவறிப்போன அன்று ஆடுகளைப் பட்டியில் அடைத்துவிட்டு வந்து, கடைசி வரை நின்றான். நாலைந்து நாள் கழித்து என்னிடம், "2031-ல மறுபடி வருதுன்னு டீச்சர் சொன்னாங்க, மெய்யாலுமா?" என்று கேட்டான். போனில் பார்த்துச் சொன்னேன். மே 21-ம் தேதி. இந்த முறை முழு வளையம் தெற்கே தெரியும், நம்மூரில் ஒரு பகுதிதான் மறையும். கொஞ்ச நேரம் யோசித்தான். "அப்பத் தெக்கதான் போகோணும். ஒரு நாளைக்கு ஆட்டை யாராச்சும் பாத்துக்கட்டும்" என்றான். கண்ணாடியை மஞ்சப்பையில் போட்டு, தான் குடியிருக்கும் சாளை வீட்டுக்குள் உயரமாக மாட்டி வைத்திருக்கிறான்.